மாறும் மனிதரும் மாற வேண்டிய திருச்சபையும்

மனந்திரும்புங்கள் என்ற அழைப்பைத் தவக்காலந்தோறும் கேட்கிறோம். மனிதன் மாறினால் போதுமா? மாறி வருபவனை ஏற்க ஆலயமும் மாற வேண்டாமா? வேண்டும் என்பதே நம் கருத்து.

வரலாற்றை நோக்குவோம். குமரி நாட்டின் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, 1745-ஆம் ஆண்டு நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பெயர் மட்டுமா மாறியது? உயர்குலத்தில் பிறந்த அவர் தாழ்த்தப்பட்டோருடன் சமமாய்ப் பழகினார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைய பாப்பரசர் பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆனால் அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் நடந்தது என்ன? உயர்சாதியினருக்கு ஒரு பக்கம், ஏனையோருக்கு மறுபக்கம் என்று ஆலயத்தின் நடுவே சுவர் நின்றது. பீடம் ஒன்று, மக்களோ இரண்டு! 1910-இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பக் கோரிச் சிலர் நீதிமன்றம் வரை சென்றும் தோற்றனர். ஒரு மனிதர் மாறிக் காட்டிய பாதையில் ஓர் ஊர் நடக்க எத்தனை காலம் ஆயிற்று, பாருங்கள்!

மாற்றத்தால் விசுவாசம் குலையும் என்று அஞ்சும் பெரியோர் உண்டு. அவர்களைப் பணிவுடன் கேட்கிறோம்: இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-1965) பின் இலத்தீன் பூசை தமிழில் ஒலித்ததே, விசுவாசம் குலைந்ததா? எழுத்தறியாத பாட்டியும் பொருளுணர்ந்து செபிக்க வழி பிறந்ததன்றோ? பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களுக்கும் இடமுண்டு என 2016-இல் உரோமை அறிவித்தது. வாசகர், பீடத்துணைவர் பணிகள் 2021-இல் பெண்களுக்கும் முறைப்படி திறக்கப்பட்டன. பெண்மக்களாகிய நாம் இதனை நன்றியுடன் நினைக்கிறோம்.

எல்லாமே மாற வேண்டும் என்று நாம் கூறவில்லை. நம் அமராவதி அணையைப் பாருங்கள். கரை அசையாமல் நிற்க வேண்டும். மதகு மட்டும் உரிய காலத்தில் திறக்க வேண்டும். திறவாவிட்டால் வயல் காயும். விசுவாசப் பிரமாணம் அந்தக் கரை. அன்பு செய்யும் வழிகளே மதகு.

குடியை விட்டொழித்த ஒருவர் ஞாயிறு பூசைக்கு வந்தால், "இவனா?" என்று முணுமுணுப்போர் இன்றும் உளர். அதுவும் ஒரு சுவரே. சக்கேயுவின் வீட்டிற்கு இயேசு சென்றபோதும் ஊர் முணுமுணுத்தது, அவரோ தயங்கவில்லை. ஆகவே தோழியரே, திருந்தி வருபவரின் பழங்கதையைக் கிளறாமல், சற்று நகர்ந்து அமர்ந்து நம் அருகில் இடம் கொடுப்போம்!