கடலுக்கு வந்த இணையம் யாருக்கு?



பிழைப்புத் தேடிப் பிரேசர் டவுனுக்கு வந்த குடும்பங்கள் நாம். ஊர்க் கடிதத்துக்காகத் தபால்காரர் வரும் வழி பார்த்து நின்றவர்கள். கப்பல் தொழிலாளியின் தனிமை நமக்குப் புரியாதா?

2022-இல் ‘ஃப்ரீடம் ஆஃப் தி சீஸ்’ என்னும் உல்லாசக் கப்பலில், ஈலான் மஸ்க் கம்பெனியின் ஸ்டார்லிங்க் இணையத்தைச் சோதித்தார்கள். பழைய வகைச் செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பவை, இவை ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில் சுற்றுபவை. செய்தி போய்வரும் தூரம் குறைந்தது. நடுக்கடலிலும் தடங்கலின்றி முகம் பார்த்துப் பேச வழி பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில், நம் பெங்களூரில் தலைமையகம் கொண்ட இஸ்ரோவும் ஒன்வெப் கம்பெனியின் 36 தாழ்சுற்றுச் செயற்கைக்கோள்களை ஏவிக் கொடுத்தது.

விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது யாருக்கு? மேல்தளத்துப் பயணி படம் பார்க்க மட்டுமா? முதலாளி கரையிலிருந்தே கப்பலைக் கண்காணிக்க மட்டுமா? எஞ்சின் அறையில் வேகும் தூத்துக்குடித் தம்பி தன் பிள்ளையின் முகம் பார்க்க வேண்டாமா?

இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2022-இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2024 டிசம்பர் 23-இல் அமலுக்கு வந்தது. தொழிலாளிக்கு வெளித்தொடர்பு வசதி தருவது விதியாயிற்று. இணையமோ வெறும் வழிகாட்டுதலில் நிற்கிறது. அதிலும் ‘நியாயமாக இயன்றவரை’ என்று ஓர் ஓட்டை. கட்டணம் வாங்கலாம் என்று இன்னோர் ஓட்டை!

ஓட்டைகளை அடையுங்கள் என்கிறோம். ஓய்வு நேரத்தில் வீட்டோடு பேசுவது சலுகை அல்ல, உரிமை. கட்டணமின்றி, விதியாகவே எழுதுங்கள்! கடலில் உழைப்பவனும் நம்மைப்போல் ஊரைப் பிரிந்தவனே. அவன் குரலோடு நம் குரலும் சேரட்டும்!