மேற்கோள் பட்டியலில் யாருடைய பெயர்?

ஆயிர் கெரோ மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலும் டுரியான் துங்கால் யூடெம் பல்கலைக்கழகத்திலும் பயிலும் நம் மாணவர்கள் பலர் இறுதியாண்டில் ஆய்வேடு எழுதுகிறார்கள். எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கும் இடுபணி உண்டு. மேற்கோள் நூல்களை ஒழுங்குபடுத்த எண்ட்நோட், மெண்டலே, ஸோட்டேரோ ஆகிய மென்பொருள்கள் இருக்கின்றன. எதைத் தேர்வு செய்வது?

எண்ட்நோட் விலைக்கு வருவது. பல்கலைக்கழக உரிமத்தில் பயன்படுத்தினால், பட்டம் பெற்றபின் அது தொடருமா என்று முதலிலேயே நூலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மெண்டலே இலவசம். ஆனால் 2013-இல் அதை எல்செவியர் பதிப்பகம் வாங்கியது. 2018-இல் பயனரின் கணினியில் இருந்த தரவுக் கோப்பே பூட்டப்பட்டது. 2022 செப்டம்பரில் பழைய மேசைக்கணினிப் பதிப்பின் பதிவிறக்கமும் நிறுத்தப்பட்டது. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் நம்முடையது ஆகிவிடாது.

ஸோட்டேரோ 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான திறந்தமூல மென்பொருள். சேகரிப்பு நம் கணினியிலேயே இருப்பதால், இணையம் தடுமாறும் தோட்டத்து வீட்டிலும் வேலை நிற்காது. இணையச் சேமிப்பில் 300 மெகாபைட் மட்டுமே இலவசம். கட்டுரைக் கோப்புகளைச் சேர்த்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். என் தேர்வு இதுதான்.

ஆனால் எந்த மென்பொருளும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அது நம் பெயர். கடைசிச் சொல்லே குடும்பப் பெயர் என்பது இவற்றின் கணக்கு. கவிதா ஏ/பி முருகன் என்றொரு மாணவி கட்டுரை எழுதியதாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் அவர் ‘முருகன், கே.’ ஆகிவிடுவார். அப்பாவுக்குப் பெருமைதான். ஆனால் ஆய்வு செய்தவர் மகள் ஆயிற்றே! அண்ணன் குமாரும் எழுதினால், இருவரும் ஒரே ‘முருகன், கே.’ தான்.

மாறாக, 1970-இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி நூல் எழுதிய வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தின் பெயர் சரியாகவே வரும். யாழ்ப்பாண வழக்கில் தந்தை பெயர் முன்னால் நிற்பதுதான் காரணம். இந்த வேறுபாடு மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? நூலகர்களுக்குத் தெரிந்திருந்தது. குடும்பப் பெயர் இல்லாத தமிழரை இயற்பெயரில்தான் பதிய வேண்டும் என்று 1978-இல் வெளியான ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டியல் விதிகளே சொல்கின்றன.

ஸோட்டேரோவில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டங்கள் ஒன்றாகும். அதில் முழுப் பெயரையும் இருக்கிறபடியே எழுதலாம். உங்கள் துறையின் வழிகாட்டி வேறு முறையைக் கேட்கலாம், விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சொந்தமாகக் கட்டுரை வெளியிடப் போகிறவர்கள் பெயரை ஒரே வடிவில் எழுதுவதோடு, ஆய்வாளர்களுக்கு 2012 முதல் இலவசமாக வழங்கப்படும் ஆர்கிட் எண்ணையும் பெற்றுக்கொள்ளலாம்.

தமிழ் நூல்களின் விவரங்களைப் பெரும்பாலும் நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். சிலவற்றைத் தமிழிலும் சிலவற்றை ரோமன் எழுத்திலும் பதிந்தால், ஒரே ஆசிரியர் பட்டியலில் இரண்டு இடங்களில் நிற்பார்.

எதை நிறுவினாலும் முதலில் ஒரு மலாய் நூல், ஒரு தமிழ் நூல், ‘ஏ/எல்’ உள்ள ஒருவரின் ஆங்கிலக் கட்டுரை என மூன்றை மட்டும் ஏற்றி, பட்டியல் எடுத்துப் பாருங்கள். பிறகு அந்தச் சேகரிப்பை வேறொரு மென்பொருளுக்கு மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். அரைமணி நேர வேலைதான்.