கொழும்புக்கு வெளியேயும் கம்பஸ் உண்டு

உயர்தரப் பெறுபேறு வந்ததும் எங்கள் வீடுகளில் கேட்கும் பேச்சு: "கொழும்புக் கம்பஸ் கிடைச்சாப் போகட்டும், இல்லாட்டி வேணாம்." பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பேராதனையைக் கடைசியில் போடச் சொல்லும் பெற்றோர் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு, இலட்சக்கணக்கில் கட்டித் தனியாரிடம் சேர்க்கிறார்கள். இது பிள்ளைக்குச் செய்யும் நியாயமல்ல.

சுற்றாடல் சரியில்லை என்பார்கள். 1996இல் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்கு, முஸ்லிம் ஊர்களின் நடுவே இருக்கிறது. அதைத் தூரம் என்று தள்ளுகிறார்கள். பகிடிவதைப் பயம் மட்டும் நியாயமானது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தும் அது ஒழியவில்லை. ஆனால் அதற்குக் கொழும்பும் விலக்கல்லவே.

நான் கொள்ளுப்பிட்டியிலிருந்து பேராதனைக்குப் போய் இரண்டு வருடம். விடுதி அறையில் அக்கரைப்பற்று, யாழ்ப்பாணம், பதுளைப் பிள்ளைகளோடு நால்வர். நோன்பில் ஸஹருக்கு எங்களை எழுப்பிவிடுபவள் யாழ்ப்பாணத்துக்காரிதான். (அவள் அந்நேரமே படிக்க எழும்புகிறவள்!) பின்னேரத்தில் ஹந்தானைப் பனியைப் பார்த்தபடி நடப்பது தனிச் சுகம். வாப்பாவின் கார் இல்லாமல் வங்கிக்கும் டொக்டரிடமும் தனியே போகப் பழகியதும் இங்கேதான்.

பெற்றோரே, விண்ணப்பம் நிரப்புமுன் ஒரு நாள் மகளோடு கண்டி ரயில் ஏறுங்கள். சரசவி உயன நிலையம் கம்பஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெண்கள் விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள்.