சோம்பேறி என்னும் பழிச்சொல்

"உள்ளூர்ப் பையன்களுக்கு உடம்பு வணங்காது, வடக்கத்தியான்தான் உழைப்பான்." பெரியபாளையம் முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை தேநீர்க் கடைகளில் கேட்கும் தீர்ப்பு இது. திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்திலும் இது ஒலிக்கிறது. நாமும் தலையசைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். இது உண்மையன்று, அறமும் அன்று.

இத்தீர்ப்பு புதியதும் அன்று. நூறாண்டுகளுக்கு முன் மலேயாவின் ரப்பர்த் தோட்டத் துரைமார்களும் இதையே சொன்னார்கள்: மலாய்க்காரர் சோம்பேறிகள், தமிழரோ பணிந்து உழைப்பவர்கள். மலாய் உழவருக்குச் சொந்த வயலும் ஊரும் இருந்தன. எனவே அற்பக் கூலிக்குத் தோட்டத்திற்கு வர மறுத்தார். நம் முன்னோரோ வறுமையால் விரட்டப்பட்டு, கங்காணி கொடுத்த முன்பணத்தில் கட்டுண்டு கப்பலேறினர். மறுத்தவருக்குச் சோம்பேறிப் பட்டம் சூட்டப்பட்ட கதையை அறிஞர் சையது உசேன் அலதாஸ் 1977இல் தம் நூலில் தோலுரித்துக் காட்டினார்.

இன்று அக்கதை நம் மண்ணில் திரும்புகிறது. ஒடிசாவிலிருந்து முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு செங்கல் சூளைக்கு வருகிறார் ஒருவர். பீகாரிலிருந்து ஒப்பந்தக்காரர் வழியாக ஆலைக்கு வருகிறார் மற்றொருவர். ஊர்த் திருவிழா இல்லை, உறவினர் இல்லை, உரிமை கேட்கச் சங்கமும் இல்லை. உள்ளூர் இளைஞரோ, "கூலி எவ்வளவு? வேலை நிரந்தரமா?" என்று கேட்கிறார். கேட்பவரைச் சோம்பேறி என்கிறோம். கேட்க இயலாதவரை உழைப்பாளி என்கிறோம். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் அந்த உழைப்பாளிகள் மூட்டை முடிச்சுகளோடு நெடுஞ்சாலையில் நடந்தபோது, நம் புகழுரை அவர்களுக்கு ஒருவேளைச் சோறாகவில்லை.

அப்படியானால் நம் பண்பாட்டில் குறையே இல்லையா? உண்டு. கையால் செய்யும் வேலையை இழிவென எண்ணும் சாதிப் புத்தியே அக்குறை. பட்டம் பெற்று வேலையற்றிருக்கும் மகனைப் பெருமையோடு அறிமுகப்படுத்துகிறோம், ஐ.டி.ஐ. படித்துக் கடைசல் பிடிக்கும் மகனைப் பற்றி வாய் திறப்பதில்லை. தச்சரை ஆண்டவராக வணங்கும் நமக்கு இது தகுமா? இளைஞர் இந்த வெட்கத்தைப் பிறரிடம் கற்கவில்லை, நம்மிடமே கற்றனர்.

உழைக்க மனமற்றவர் குறித்துத் தெசலோனிக்கேயருக்குப் பவுலடிகளார் எழுதியதைச் சிலர் ஏழைகள்மீது கல்லாக எறிகின்றனர். அவர் கூடாரம் செய்து தம் கைகளால் பிழைத்தவர். அவர் கண்டித்தது மனமின்மையை, நியாயக் கூலி கேட்பதையன்று. உழைப்பு மனிதருக்காகவே, மனிதர் உழைப்பிற்காக அல்லர் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். தற்சார்பு என்பது கிடைத்த கூலிக்குத் தலைகுனிவதன்று. தன் உழைப்பின் மதிப்பறிந்து நிமிர்ந்து நிற்பது.

ஆண்டுதோறும் மே முதல் நாளில் தொழிலாளரான புனித சூசையப்பருக்கு விழா எடுக்கிறோம். அடுத்த முறை ஆலய முற்றத்தில் அப்பழிச்சொல் எழும்போது மூன்றே கேள்விகள் கேட்போம்: கூலி எவ்வளவு? வேலை எத்தனை மணி நேரம்? அடுத்த ஆண்டும் அவ்வேலை இருக்குமா? விடை வந்தபின், யார் சோம்பேறி என்று பேசுவோம்.