வேகத்தை மட்டுமே விலை பேசலாமா?



சைபர்ஜெயாவில் தரவு மையமொன்றில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். தங்கள் சேமிப்புப் பிணையம் மந்தமாகிவிட்டதாகவும், வேகம் மிகுந்த புதிய சுவிட்ச் வாங்க மேலிடம் முனைவதாகவும் கூறினார். "சுவிட்ச் மீது குற்றமே இல்லை, ஐயா" என்று அவர் தந்த விளக்கமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

வழங்கிக் கணினிகளையும் வட்டுச் சேமிப்பகங்களையும் இணைப்பது சேமிப்புப் பிணையச் சுவிட்ச். அதன் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது வேகமே. 2020இல் வெளிவந்த புரோகேட் ஜி720 சுவிட்சை எடுத்துக்கொள்வோம். 64 முனைகள், முனையொன்றுக்கு வினாடிக்கு 64 கிகாபிட் வரை வேகம், தாமதமோ ஏறத்தாழ 460 நானோவினாடி. வியப்புதான். எனினும், இவ்வகைச் சுவிட்சின் தலையாய பண்பு வேகமன்று, இழப்பின்மையே என்பது என் கருத்து.

சொல்வதெழுதுதலை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆசிரியர் நிற்காமல் வாசித்துச் செல்கிறார். விட்டதைப் பின்னர் மீண்டும் சொல்கிறார். சாதாரண ஈதர்நெட் இத்தகையது. இடம் நிரம்பினால் தரவைக் கைவிட்டுவிடும். அனுப்பிய கணினி மறுபடியும் அனுப்ப வேண்டும். இன்னோர் ஆசிரியர், மாணவர் எழுதி முடித்துத் தலைநிமிர்ந்த பின்னரே அடுத்த வாக்கியத்தைச் சொல்கிறார். இதுவே ஃபைபர் சேனல் முறை. பெறும் முனை தன்னிடமுள்ள காலியிடங்களை முன்கூட்டியே அறிவிக்கிறது. ஒவ்வோர் இடமும் ஓர் அனுமதிச் சீட்டு. சீட்டு தீர்ந்தால் அனுப்பும் முனை காத்திருக்கும். வட்டுக்குச் செல்லும் தரவில் ஒரு துண்டு தொலைந்தாலும் கட்டளையையே மீண்டும் தொடங்க நேரிடலாம் என்பதால், இப்பொறுமை இன்றியமையாதது.

இப்பொறுமைக்கும் ஒரு விலையுண்டு. ஒரு வழங்கி தரவைப் பெறத் தாமதித்தால் சீட்டு திரும்பாது. நெரிசல் பின்னோக்கிப் பரவும். குற்றமற்ற வழங்கிகளும் காத்துக் கிடக்கும். மாணவர் கண்டறிந்ததும் இதுதான். சீட்டின்றி முனைகள் காத்திருந்த நேரத்தைச் சுவிட்சே பதிவு செய்து வைத்திருந்தது. அதைப் படித்தபோது, பழைய வழங்கியொன்று அகப்பட்டது. அதைச் சரிசெய்யாமல் சுவிட்சை மட்டும் மாற்றியிருந்தால், பணம் போயிருக்கும், மந்தம் நீங்கியிராது.

எனவே, வாங்குவோர் "எத்தனை கிகாபிட்?" என்று மட்டும் கேட்பது போதாது. நெரிசல் எங்கே தொடங்குகிறது என்பதை அச்சுவிட்ச் எவ்வளவு தெளிவாகக் காட்டும் என்றும் கேட்க வேண்டும். கையிலுள்ள சுவிட்ச் காட்டுவதை முதலில் படிக்கவும் வேண்டும்.

வகுப்பு பின்தங்கினால் பாடநூலை மாற்றுவதற்கு முன், எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதுதானே ஆசிரியர் பணி? கருவிகளுக்கும் அந்த நீதியை வழங்குவோம்.

அன்புடன், உங்கள் ஆசிரியர்.