சிவப்பு பல்பு எரிந்த வகுப்பறை

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் நந்தியைத் தாண்டுவதற்குள் செல்போனில் ஐம்பது படமாவது எடுத்துவிடுகிறார்கள். 1858இல் அங்கே படமெடுக்க வந்தவருக்கு ஒரே ஒரு படம் கையில் கிடைப்பதற்குள் ஒரு பொழுது கழிந்துவிடும். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். கம்பெனிப் படையில் கேப்டன். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்டவர். கேமரா, ரசாயனப் பெட்டிகள், காகிதக் கட்டுகள் எல்லாவற்றையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றியவர், தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் வந்தார்.

விமானம், நந்தி, அரண்மனை என்று எல்லாரும் எடுப்பதை அவரும் எடுத்தார். கூடவே, வேறு யாருக்கும் தோன்றாத ஒரு காரியமும் செய்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைத்து, துண்டு துண்டாகப் படம் பிடித்தார். மொத்தம் 21 படங்கள். ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 19 அடி நீளம்! இன்று போனில் ‘பனோரமா’ என்று ஒரு பொத்தானை அழுத்தி எடுக்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா என்றே சொல்லலாம்.

அந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதிலேயே அன்றைக்குக் குழப்பம் இருந்தது. ஸ்தல புராணம் கரிகாலன் என்றது. சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக 1886இல் பதவியேற்ற ஜெர்மானியர் ஹுல்ஷ், கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒற்றிப் படியெடுத்து, வரி வரியாகப் படித்து, 1891 முதல் நூலாக வெளியிட்டார். கட்டியவன் ராஜராஜன் என்பது அதன் பிறகுதான் ஊருக்கே உறுதியாயிற்று. தான் கொடுத்தவை, அக்கா குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை எல்லாவற்றையும் இந்தக் கல்லிலேயே வெட்டுங்கள் என்று ராஜராஜன் உத்தரவிட்ட செய்தியும் அங்கேதான் இருக்கிறது. ஆக, அந்த எழுத்துகள் முழுதாகப் படிக்கப்படுவதற்கு முப்பது வருடம் முன்பே காகிதத்தில் பதிந்துவிட்டன.

அப்படிப் பதிய வைத்தது கேமரா மட்டுமல்ல. பாதி வேலையைச் செய்தது இருட்டறை.

டிரைப் பெரும்பாலும் கையாண்டது மெழுகுக் காகித நெகட்டிவ். மெல்லிய காகிதத்தில் மெழுகைத் தேய்த்து, இஸ்திரி போட்டு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி செய்ய வேண்டும். அயோடைடு கரைசலில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி எடுக்க வேண்டும். கேமராவில் வைத்து நிமிடக் கணக்கில் வெளிச்சம் காட்டிய பிறகு, மறுபடியும் இருட்டு. காலிக் அமிலத்தில் உருவம் மெதுவாக எழும்பி வருவதற்குச் சில சமயம் மணிக்கணக்காகும். கடைசியில் ஹைப்போவில் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி அலசிக் காயவைக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் எடுக்கும் ஈரக் கொலோடியன் முறை இதைவிட வேகமானதுதான். ஆனால் தகட்டில் பூசியது காய்வதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? காகிதம்தான் நிதானமாக வேலை செய்ய விட்டது.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காகிதத்துக்கு நீல நிறம் மட்டும் தூக்கலாகத் தெரியும். அதனால் வானம் முழுக்க வெள்ளையாக வெளுத்துவிடும். டிரைப் சும்மா இருக்கவில்லை. நெகட்டிவின் மேலேயே சாயம் தொட்டு மேகங்களை வரைந்தார். ‘எடிட்டிங்’ என்பது செல்போன் கண்டுபிடித்ததல்ல!

சரி, இந்த வித்தையெல்லாம் வெள்ளைக்கார கேப்டன்களோடு நின்றுவிட்டதா? இல்லை. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். பிறகு அரசு அதை ஏற்று நடத்தியது. ஓவியம், மண்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை என்று கைத்தொழில் கற்றுத்தந்த அந்தப் பள்ளியில், 1850களின் நடுவிலேயே புகைப்படமும் பாடமாகச் சேர்ந்தது. கேமரா என்ற பொருள் பிறந்து இருபது வருடம்கூட ஆகவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். அங்கே தேர்ந்தவர்களில் சி. ஐயாசாமி என்ற தமிழரின் பெயர் அக்கால ஏடுகளில் நின்றிருக்கிறது. கூடப் படித்த எத்தனையோ பேரின் பெயர் நிற்கவில்லை. அந்தப் பள்ளிதான் இன்று சென்னையில் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி.

டிரைப்பின் வேலைக்கு ஆயுள் குறைவு. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசின் அன்றைய நிதி நிலைக்கு இது ஆடம்பரம் என்று மூடச் சொல்லிவிட்டார். பள்ளி தப்பித்தது. செலவுக் கணக்கு பார்க்கிறவர்களுக்குப் படமெடுப்பது எப்போதுமே முதலில் கண்ணில் படும் போலிருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் இதே பாடம் பாலிடெக்னிக்குக்கு இடம் மாறியது. சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் 1945இல் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் படிப்பாக வந்தன. அதுவே வளர்ந்து அடையாறு திரைப்படக் கல்லூரி ஆயிற்று. பி.சி. ஸ்ரீராம் போன்றவர்கள் படித்தது அங்கேதான். திரைப்பட மாணவரானாலும் ஸ்டூடியோவில் தொழில் பழகும் பையனானாலும், கறுப்பு வெள்ளை ஸ்டில் படத்தின் பாலபாடம் இருட்டறைதான்.

முதலில், கண்ணை மூடிக்கொண்டு வேலை பழக வேண்டும். கறுப்பு வெள்ளை பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும் என்பதால் அதைச் சுருளில் மாட்டும்போது துளி வெளிச்சமும் கூடாது. வீணான பிலிம் ஒன்றை வைத்துக்கொண்டு பகலில் கண்ணை மூடிப் பழகுவார்கள். விரலுக்குப் பழகிய பிறகுதான் நிஜ பிலிம். ஒரு கல்யாணம் முழுவதும் அந்தச் சுருளுக்குள் இருக்கும். கை நடுங்கினால் தாலி கட்டிய நிமிடம் போய்விடும்.

அடுத்தது டெவலப்பர் கலப்பது. மெட்டால், சல்பைட், ஹைட்ரோகுவினோன், போராக்ஸ் என்று நாலைந்து பொடிகள். புகழ்பெற்ற டி-76 கலவையில் ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். வரிசை முக்கியம். சல்பைட்டை முழுதும் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். அதனால் மெட்டால்தான் முதலில். ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்று அம்மாவுக்குத் தெரிவதுபோல, இதுவும் செய்து செய்து கைக்கு வருகிற கணக்கு.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு கூடுதல் பாடம் உண்டு: சூடு. புத்தகம் 20 டிகிரி என்கிறது. சித்திரை மாதத்துத் தஞ்சாவூரில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் 30 டிகிரிக்குக் குறையாது. சூடு ஏறினால் உருவம் கண்மூடித் திறப்பதற்குள் கறுத்துவிடும். அதைவிட மோசம், பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் இளகிச் சுருங்கிவிடும். எனவே ட்ரேயைச் சுற்றி ஐஸ் கட்டி, கையில் தெர்மாமீட்டர். வண்டல் கலந்த தண்ணீராக இருந்தால் பஞ்சு வைத்து வடிகட்ட வேண்டும். இல்லையென்றால் மணமகள் கன்னத்தில் புள்ளி விழும்.

பிறகுதான் அந்தச் சிவப்பு பல்பு. பிரிண்ட் போடும் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது. அதனால் அந்த வெளிச்சத்தில் தைரியமாக வேலை செய்யலாம். என்லார்ஜரில் நெகட்டிவை வைத்து, காகிதத்தின் மேல் அட்டையை மூன்று மூன்று விநாடிக்கு நகர்த்தி, எத்தனை விநாடி சரி என்று ஒரு துண்டில் சோதிப்பார்கள். முகம் இருண்டால் அந்த இடத்துக்கு மட்டும் கையால் நிழல் கொடுப்பார்கள். வெள்ளைக் காகிதம் டெவலப்பரில் கிடக்கும்போது, மெல்ல மெல்ல ஒரு புருவம், ஒரு மூக்குத்தி, ஒரு சிரிப்பு எழும்பி வரும். அதை முதல் தடவை பார்த்த மாணவர் யாரும் மறந்ததில்லை.

இதில் கசப்பும் உண்டு. நெகட்டிவில் பென்சிலால் தீட்டினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். முகப்பரு மறைக்க வந்த இந்த ‘டச்சிங்’, பெண் பார்க்க அனுப்பும் போட்டோக்களில் கறுத்த பெண்ணைச் சிவப்பாக்கும் வேலைக்குப் போனது. இன்றைய ‘பியூட்டி மோடு’ அதையேதான் செய்கிறது, பென்சில் இல்லாமல்.

ஒரு காலத்தில் பிலிமும் காகிதமும்கூட நம் மாநிலத்திலேயே தயாராயின. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பெட்டிகள் ஸ்டூடியோக்களில் அடுக்கியிருக்கும். டிஜிட்டல் வந்தது, அதுவும் முடங்கியது. இருட்டறைகள் ஜெராக்ஸ் கடைகளாயின. இன்று விஸ்காம் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு ஹைப்போ வாசனையே தெரியாது. ‘தெரிந்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்கலாம். எடுத்த 36 படமும் எண்ணி எடுத்த படம் என்பது ஒரு பதில். இன்னும் அவசரமான பதில், உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்தி, அறுவடைக் களத்தில் நின்ற அப்பா, வடவாற்றுப் படித்துறையில் அத்தைமார்கள். பிரிண்ட் தொலைந்திருக்கும். நெகட்டிவ் மட்டும் பிளாஸ்டிக் பையில் சுருண்டு கிடக்கும். பழைய பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது வினிகர் போலப் புளித்த வாடை வரும். அந்த வாடை வந்துவிட்டால் அதைத் தனியே பிரித்துவையுங்கள். பக்கத்தில் உள்ளவற்றையும் அது கெடுக்கும். மற்றவற்றை பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, வெள்ளைக் காகித உறையில் போட்டு, பரணை விட்டு இறக்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான உலர்ந்த அலமாரியில் வையுங்கள். ட்ரங்குப் பெட்டி வேண்டாம். வெயில் காலத்தில் அது அடுப்பு.

படமாகப் பார்க்க இருட்டறை தேவையில்லை. டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்து, நெகட்டிவை அதில் கிடத்தி, மேலிருந்து போனில் படமெடுங்கள். எடிட்டில் நிறங்களைத் தலைகீழாக்கினால் ஆள் வந்துவிடுவார். வந்தவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியம்மாவை அப்போதே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பெயர்களை உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள்.