விரலுக்கு விலை!

தோழா,

கை வெட்டுண்டு வீழும் காட்சியை நாடகத்திலே எழுதியிருக்கிறேன். கத்தி அட்டை, குருதி சாயம், திரை விழுந்ததும் வெட்டுண்டவன் எழுந்து தேநீர் கேட்பான். திரை விழாத மேடை ஒன்றும் உண்டு. அங்கே போன கை, போனதுதான்!

தேனியிலிருந்து கம்பம் வரை பச்சைப் பட்டு விரித்த பள்ளத்தாக்கு இது. 1895இல் முடிந்த பெரியாற்று அணையின் நீரால் நெல்லும் வாழையும் செழிக்கும் பூமி. அந்த எழிலிலே மயங்கி நின்றுவிடாதே. பாக்குமட்டையைத் தட்டாக்கும் கொட்டகைக்குள் என்னோடு வா.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு 2019 சனவரி 1 முதல் தடை விதித்தது. நல்ல தடை, மட்டைத் தட்டுக்கு மதிப்பும் வந்தது. மண்ணைக் காக்க முனைந்தோம். தட்டு செய்யும் கையைக் காத்தோமா?

ஊறிய மட்டையை, மின்சாரம் சூடேற்றிய இரும்பு அச்சின்மேல் பரப்புகிறாள் ஒருத்தி. மேலச்சு இறங்குகிறது, தட்டு பிறக்கிறது. கூலியோ, தட்டுக்கு இத்தனை என்று! இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினால்தான் அச்சு இறங்கும் என அமைத்த இயந்திரம் உண்டு. இரு கையும் பொத்தானில் இருந்தால், அச்சினிடையே சிக்கக் கை ஏது? ஆனால் ஒரு பொத்தானைக் கயிற்றால் கட்டிவிட்டால் வேகம் கூடும், காசு கூடும். அந்தக் கயிற்றைக் கட்டியது அவள் கையா? இல்லை தோழா, அவள் வயிறு!

கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். ஆயினும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் விரலுக்கும் கணக்கு எழுதியது. கட்டைவிரல் போனால் உழைக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஒரு கையின் நான்கு விரல் போனால் 50. கையே போனால் 60. குழந்தைக்குச் சோறூட்டும் விரலுக்கு எந்த அட்டவணையில் விலை?

இன்னொரு கணக்கையும் கேள். மின்விசையால் இயங்கும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கு எத்தனை பேர் வேண்டும்? 1881இல் 100. 1891இல் 50. 1922இல் 20. விடுதலைக்குப் பின், 1948இல் 10. படிப்படியாக இறங்கி ஏழையின் கொட்டகையை நெருங்கி வந்தது சட்டம். 2020இன் சட்டத் தொகுப்போ அதை மீண்டும் 20 ஆக்கியது. வெள்ளையன் 1922இல் கிழித்த கோட்டுக்கே திரும்பியிருக்கிறோம்! பத்துப் பேர் உள்ள இடத்துக்கும் பொதுப் பாதுகாப்புக் கடமைகள் உண்டு என்பார்கள். உண்மைதான். நான்கைந்து பேர் உழைக்கும் கொட்டகைக்கு? அங்கே பழைய சட்டமும் எட்டிப் பார்க்கவில்லை, புதியதும் பார்க்கவில்லை.

ஆகவே, நீ போ! கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல். அவிழ்த்தால் குறையும் கூலியை ஈடுசெய்ய முதலாளியிடம் வாதாடு. வெறும் அறிவுரை அடுப்பை எரிக்காது. ஒட்டிய மட்டையை எடுக்குமுன் மின்சாரத்தை அறவே துண்டிக்கட்டும். மேலச்சு சரிந்து இறங்காதபடி முட்டுக் கொடுக்கட்டும். கையால் அல்ல, இடுக்கியால் எடுக்கட்டும். மின்சாரம் நின்றாலும் இரும்பின் சூடு உடனே நிற்காது. ஈரக் கையும் மின்சாரமும் எமனுக்கு எழுதிய ஓலை; நில இணைப்பும் கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் கருவியும் கட்டாயம். சுட்டால் உடனே வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, ஓடும் நீரிலே 20 நிமிடம் கையை வைக்கட்டும். மையும் பற்பசையும் வேண்டாம். நசுங்கினால் நாழிகை கடத்தாதே; க.விலக்கு அரசு மருத்துவமனைக்கு விரை.

கொடி ஏற்றக் கை கேட்கிறோம். வாக்களிக்க விரல் கேட்கிறோம். மை வைத்த அந்த விரல் நாளையும் அந்தக் கையிலே இருக்க வேண்டாமா, தோழா?